தம்பிக்குக் கலந்த பால்

போன வாரம் சித்தூரில் ஒரு மருந்துக் கடையில் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நின்றேன். என் மகனுக்கு மாம்பூக் காலத்துத் தும்மல். அவனுக்கு வலிப்பு நோய் இருப்பதால், தும்மலுக்கு என்ன கொடுப்பது என்பது எங்கள் வீட்டில் சின்னக் கேள்வி இல்லை. டாக்டரிடம் போனில் கேட்டாகிவிட்டது. அவரும் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார். ஆனாலும் சில நாள் முன்புதான் அவனுக்கு மறுபடி ஒருமுறை வலிப்பு வந்திருந்தது. அதனால் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் வாங்குவது என்று நின்றேன். அப்போது பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். “தும்மலுக்கு ஏதாச்சும் குடுண்ணா” என்றாள். கடைக்காரர் நீட்டிய மாத்திரையைப் பெயர்கூடப் பார்க்காமல் பிரித்து மகள் வாயில் போட்டாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, வேறு ஏதோ பேசிக்கொண்டே படி இறங்கிப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் புதிதில்லை. பத்து வயதிலேயே பழகியது. அப்போது அது தம்பியின் மேல்.

சித்தூரைச் சுற்றி மாந்தோப்புகள். தை பிறந்து பூ விட்டதும் ஊரில் பாதிப் பேர் மூக்கைத் துடைத்துக்கொண்டேதான் நடப்பார்கள். எங்கள் வீட்டில் நானும் தம்பியும். உண்மையைச் சொன்னால் நான் அவனைவிட நன்றாகத் தும்முவேன். ஆனால் நான் தும்மினால் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, நகத்தால் பாதியாக உடைத்து, “முழுங்கிட்டு ஸ்கூலுக்கு ஓடு” என்பார். அதைத் தின்றால் கணக்கு வகுப்பில் தலை தானாக மேசையில் சாயும். டீச்சர் தெலுங்கில் திட்டுவார். தம்பி தும்மினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள்.

அவனுக்கு மூன்று வயதிலிருந்து வலிப்பு. காலையும் மாலையும் மருந்து, மாதம் ஒருமுறை திருப்பதியில் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். வலிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அவனுக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட், திருப்பதி அத்தை வீட்டில் புளியோதரை. எனக்கு வீட்டில் அப்பா வைக்கும் ரசம்.

அந்த வருஷம் அவனுக்கு மூக்கு அடைத்து, கண் சிவந்து, இரவெல்லாம் தூக்கமில்லை. தன்னைக் கேட்காமல் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது, தும்மல் மாத்திரைகூடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தூங்க வைக்கும் அந்த மாத்திரைகள் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு வலிப்பைக் கிளப்பிவிடலாமாம். தூக்கம் கெட்டாலும் அதே வலிப்பு வரலாமாம். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் என் காதில் விழாமல் இல்லை. ஆனால் நான் போட்ட கணக்கு வேறு. என் தும்மலுக்கு அரை மாத்திரை, அவன் தும்மலுக்குத் திருப்பதி.

“நானுந்தான் தும்மறேன்” என்று பேருந்து நிலையம் வரை அழுதுகொண்டே பின்னால் போனேன். அப்பாவுக்கு மானம் போயிற்று. “அழைச்சுண்டு போயேன், அங்க போயும் தும்மட்டும்” என்று என்னையும் ஏற்றிவிட்டார். கையோடு அரை மாத்திரையையும் விழுங்க வைத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் தம்பிக்கு. பூவாசனை உள்ளே வருகிறது என்று அம்மா அதையும் சாத்திவிட்டாள். எதிர் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, “இன்னா பாப்பா, ஏறின நேரத்திலிருந்து தும்மிக்கினே வர்ற?” என்று கேட்டார். ஒருவராவது கவனித்தாரே என்று நான் வாயைத் திறப்பதற்குள், தம்பியின் கண்ணைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சு?” என்று ஒரு ஆரஞ்சை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மா மூன்று மணிக்கு மேல்தான் வருவார். அதுவரை அத்தை வீட்டில் இருந்தோம். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், கோயிலில் கைங்கரியம் செய்பவர். தீர்த்தத்துக்குப் பச்சைக் கர்ப்பூரமும் ஏலக்காயும் பொடித்துச் சேர்ப்பது அவர் வேலை. அந்த வீட்டில் எல்லாவற்றிலும் அந்த வாசனை இருக்கும். அவர் மேல்துண்டில், ஊஞ்சல் பலகையில், மோரில்கூட.

தம்பி வாயால் மூச்சு விடுவதைப் பார்த்த அத்திம்பேர் சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். உடைத்த கண்ணாடிபோல் வெள்ளைத் துகள்கள். கொஞ்சத்தை மெல்லிய துணியில் முடிந்து அவன் சட்டையில், மூக்குக்கு நேராக, ஊக்கால் குத்தினார். “பால்ல ஒரு துளி கலந்து கொடு. மூக்கு தொறந்துண்டு குழந்தை தூங்கிடுவான்” என்றார்.

அம்மா தயங்கினாள். “டாக்டரைக் கேட்டுண்டு குடுக்கலாமே, அத்திம்பேர்.”

“மருந்து குடுக்க வேண்டாம்னு தானே சொன்னா? இது மருந்தா? பெருமாள் தீர்த்தத்துல போடறது.”

அத்தை சேர்ந்துகொண்டாள். “இந்த ஊர்ல பொறந்த குழந்தையெல்லாம் இதை முழுங்கிண்டுதான் வளர்ந்தது. உன் டாக்டருக்குப் பெருமாளைவிட ஜாஸ்தி தெரியுமோ?”

மாத்திரை என்றால் அம்மா சண்டை போட்டிருப்பாள். பெருமாள் பெயரில் நாத்தனார் வீட்டில் நீட்டப்பட்ட ஒன்றை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பாலைக் கலந்தாள். வெள்ளி டம்ளரில்.

அந்த வெள்ளி டம்ளர்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. “எனக்கு?” என்றேன்.

“உனக்கென்னடி, கல்லுக்குண்டாட்டம் இருக்கே” என்றாள் அத்தை.

தம்பி ஒரு வாய் உறிஞ்சி, அதையும் துப்பினான். மூக்கடைத்த பிள்ளைக்குப் பால் இறங்கவில்லை. “கசக்கறது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா கெஞ்சினாள், அத்தை மிரட்டினாள், அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். நான் எட்டி டம்ளரை வாங்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு எரிந்தது, தொண்டை எரிந்தது, காதுக்குள் குளிர்ந்தது. காலி டம்ளரைத் தம்பி முகத்துக்கு முன்னால் கவிழ்த்துக் காட்டினேன்.

“பொறாமைக்காரி, மிச்சம் வெச்சாளா பாரு” என்று அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் லேசானதுபோல் எனக்குத் தோன்றியது.

டாக்டரம்மா தம்பியின் நெஞ்சில் குழாயை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். “இது என்ன வாசனை?”

“மருந்து ஒண்ணும் குடுக்கலை டாக்டர். பெருமாள் கர்ப்பூரம்” என்றாள் அம்மா.

டாக்டரம்மா ஊக்கைக் கழற்றி, முடிச்சை நர்ஸிடம் கொடுத்து வெளியே எறியச் சொன்னார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அம்மா, கர்ப்பூரமே ஃபிட்ஸ் வரவழைக்கும். நல்ல பிள்ளைக்கே வரலாம். இவனுக்குக் கேக்கவே வேணாம். உள்ளுக்கு ஏதானா குடுத்தீங்களா?”

“பால்ல… துளி.”

“எவரு தாகாரு?” அவசரத்தில் அவருக்குத் தெலுங்கு வந்துவிட்டது. யார் குடித்தது?

அம்மா என்னைக் காட்டினாள். பிறகு தம்பியை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “நல்ல வேளை” என்றாள். “நல்ல வேளை, இவ குடிச்சா.”

அந்த வார்த்தைகள் எனக்குத் தெளிவாகக் கேட்டன. நான் சுவரில் ஒட்டியிருந்த காது, மூக்கு, தொண்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா அம்மாவிடம் தனியாகப் பேசினார். அப்புறம் வெகுநேரம் எங்களை அங்கேயே இருக்க வைத்தார்கள். டாக்டரம்மா நடுநடுவே வந்து என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், பெயர் கேட்டார். ஒருவழியாக என் தும்மலுக்கும் வைத்தியம் நடக்கிறது என்று நினைத்து நான் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவனுக்கு யாரும் டார்ச் அடிக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் மூக்குக்குச் சொட்டு, தூக்கம் தராத ஒரு புது மருந்து குறைந்த அளவில். அந்த உப்புத் தண்ணீரையும் நான் கேட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினோம். தம்பி அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். எத்தனையோ நாள் தூங்காத தூக்கம். அம்மா அவனைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினாள். கிளாஸில் உன் பக்கத்தில் யார்? அந்தப் பெண்ணுக்கு எத்தனை அண்ணா? டீச்சர் என்ன புடவை? அம்மா இப்படி என்னிடம் பேசி எனக்கு நினைவில்லை. நான் அள்ளி அள்ளிச் சொன்னேன், இல்லாததையும் சேர்த்து. நான் மூச்சு வாங்கினால், “அப்புறம்?” என்று என் முகவாயைத் தொட்டுத் திருப்பினாள். தம்பி விழித்து இதைப் பார்க்க மாட்டானா என்று இருந்தது.

புத்தலப்பட்டு தாண்டியதும் எனக்குக் கண் சொருகியது. காலையில் தின்ற அரை மாத்திரை, நாளெல்லாம் அலைந்த அலுப்பு. அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். “தூங்காதேடி.” மறுபடி சாய்ந்தேன். கையில் கிள்ளினாள். நிஜமாக வலித்தது.

“அவன் மட்டும் தூங்கலாமா?” என்றேன்.

“நீ பேசு. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு.”

மடி அவனுக்கு, தூக்கம் அவனுக்கு, எனக்கு வாய்ப்பாடு. நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். முன் சீட்டுக் கம்பியையே வெறித்துப் பார்த்தேன்.

என்னிடம் மயக்கமோ உளறலோ உதறலோ தெரிந்தால் அந்த நிமிஷமே வண்டியைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும், வீடு போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தது, நான் கல்யாணமாகிப் போன பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது என் வைராக்கியம் ஒன்றுதான். “உன் பேர் என்ன, சொல்லு” என்றாள் அம்மா. நான் சொல்லவில்லை. “அம்மாவைப் பாரு.” பார்க்கவில்லை. “ஒரே ஒரு வார்த்தை பேசுடி, கண்ணே” என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. தம்பியிடம் மட்டுமே அப்படிப் பேசுவாள். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று, சித்தூர் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.