அவளுக்கு மட்டும் எப்படி நேரம் இருக்கிறது

நானும் அவளும் ஒரே நாளில் அரசு வேலையில் சேர்ந்தோம். வேங்கிக்காலில் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த நாற்காலி, ஒரே சம்பளம். என் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அவள் அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஆனாலும் காலையில் நான் மூச்சிரைக்க உள்ளே நுழையும்போது, அவள் மேசையைத் துடைத்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, முதல் கோப்பைப் பிரித்திருப்பாள். "வாங்கக்கா, சாப்டீங்களா?" என்பாள். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். பற்றிக்கொண்டு வரும். என்னைவிட ஒரே ஒரு வயது சின்னவள், இதில் அக்கா வேறு.

எனக்கு ஒரு பெண். பாத்திரம் தேய்க்க ஆள் உண்டு. அவளுக்கு இரண்டு பையன்கள், இரண்டு கறவை மாடு, தேய்க்க அவளேதான்.

பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வுகள் எழுத வேண்டும். எட்டு வருடத்தில் தட்டுத்தடுமாறி ஒரு தாளைத் தவிர எல்லாவற்றையும் முடித்திருந்தேன். அவள் இரண்டாவது பேறுகால விடுப்பு முடிந்து வந்து, இரண்டே வருடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் ஒரே தாள்தான் பாக்கி. உதவியாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. எங்கள் இருவரில் யார் முதலில் முடிக்கிறோமோ அவருக்கு அது.

"எங்கடி நேரம் கெடைக்குது ஒனக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நேரம் ஏதுக்கா? ஞாயித்துக்கெழம புக்கை சத்தமா படிச்சி போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிப்பேன். மாடு கறக்கும்போது, பஸ்ல வரும்போது காதுல ஓடிக்கினே இருக்கும். ஜாஸ்தி ஒன்னும் இல்லக்கா."

அன்று மாலையே நானும் பதிவு செய்தேன். சாப்பிட்டுவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டு படுத்தேன். இரண்டாவது விதி வருவதற்குள் என் குரலே என்னைத் தூங்க வைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு சார்ட் அட்டையில் நான்கு கலர் ஸ்கெட்ச் பேனாவால் கால அட்டவணை போட்டேன். முழு நாளும் அதற்கே போயிற்று. என் கணவர் சுவரைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு. இதுல டிபன் எத்தினி மணிக்கு?" என்றார். ஐந்து மணி அலாரத்தை மூன்று நாள் அணைத்துவிட்டுத் தூங்கினேன். நான்காம் நாள் எழுந்தேன். எழுந்து, அவள் ஆன்லைனில் இருக்கிறாளா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தைக் காரணம் காட்டி ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கினேன். எங்கள் தெருவில் ஒரு கூட்டமும் இல்லை. அவள் ஊருக்குள் அன்று பஸ்ஸே வராது. பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்து ஏறி, சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள். "அந்தம்மாவ பாருங்க" என்று கண்காணிப்பாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மதியம் அவள் நீட்டிய அவித்த மல்லாட்டையை வேண்டாம் என்றேன். எனக்கு வேர்க்கடலை என்றால் உயிர்.

பிறகு அவளுடைய சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் லீவு போட்டாள். திங்கட்கிழமை கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்து, "எக்ஸாமுக்கு அப்ளை பண்ண வெள்ளிக்கெழம லாஸ்ட். அந்தம்மாவுக்கும் சொல்லிடுங்க" என்றார்.

"சொல்லிட்றேன் சார்."

நான் சொல்லவில்லை. தப்பு என்று தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். புதன்கிழமை அவளே போன் செய்தாள். "அக்கா, வந்து..." என்று ஆரம்பித்தாள். எங்கே தேர்வைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று, "இங்க ஒன்னும் இல்ல, நீ புள்ளைய பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நாலு நாளும் அலாரம் இல்லாமலே ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை வரை வேறு யாரும் அவளிடம் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. "பையன் தேவலக்கா" என்றாள். பிறகு, "எக்ஸாமுக்கு போட்டுட்டீங்க இல்ல? நான் ஆஸ்பத்திரில டோக்கன் வாங்கினு ஒக்காந்திருந்தப்பவே போன்ல போட்டுட்டேன்."

பத்து நிமிட வேலை, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே ஐந்து நாளும் போய்விட்டன. நான் போடவே இல்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ அக்கா! புதன்கெழம ஆஸ்பத்திரிலேர்ந்தே அத ஞாபகப்படுத்தத்தான் போன் பண்ணேன். நீங்க டக்குனு வெச்சிட்டீங்க. வேலையா இருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்."

அவள் எழுதிப் பாஸானாள், அந்த இடம் அவளுக்குத்தான் போயிற்று. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அழுகைகூட ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருந்த அந்த நேரத்தில் அவளுக்கு என் ஞாபகமும் வந்திருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை.