ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள்

சிட்னியில், டூங்கபியில் ஒரு பிறந்தநாள் விருந்தில், ரோல்ஸ் தட்டோடு நின்றபோதுதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த அன்ரி, அவருடைய தாய் பெற்ற பிள்ளை இல்லையாம், எடுத்து வளர்த்ததாம். சொன்னவர் அதை அன்ரியின் சொந்தத் தங்கச்சியின் வாயாலேயே கேட்டிருந்தார். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இது நடந்தது 2012இல். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிட்னியில் குடியேறிய லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா மக்களின் தாய்வழியை ஒப்பிடுவதுதான் எங்கள் வேலை. மரபணுவில் ஒரு பகுதி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்கும். தகப்பனுக்கு அதில் பங்கில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் அதைப் படித்துவிடலாம். வேலைக்குச் சேரும் நாங்களும் எங்கள் மாதிரியைக் கொடுக்க வேண்டும். எங்கள் எச்சில் தவறிக் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக அந்த ஏற்பாடு.

ஒருநாள் தென் தாய்லாந்தில் பிறந்த ஒரு பெண்ணின் மாதிரி, அன்ரியினுடையதோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அன்ரிதான் கைதவறிக் கலந்துவிட்டார் என்று மேலதிகாரி முகம் சுளித்தார். அந்தப் பெண்ணிடம் புதிதாக மாதிரி எடுத்து, அன்ரியை அந்தப் பக்கமே விடாமல், நான் செய்து பார்த்தேன். அதே முடிவு. எங்கேயோ பின்னுக்கு இருவருக்கும் ஒரே தாய். அன்ரிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அவருடைய பூட்டன், அம்மம்மாவின் தகப்பன், மலாயாவில் ரயில்வே கிளார்க்காக இருந்து, மனைவியோடு யாழ்ப்பாணம் திரும்பியவர். அந்தப் பூட்டி யார் பெற்ற பிள்ளை என்று வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. "இப்பதான் பிள்ளை அந்த மனுசி எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறா" என்று காண்கிறவர்களிடமெல்லாம் அன்ரி சொன்னார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் புத்தி சொன்னார்கள். ஏன் சொல்லக்கூடாது? டூங்கபிக்குப் பக்கத்தில் கிரவீனில் இருந்த தங்கச்சி அப்போது மகளுக்கு மெல்பேர்னில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசினால் தாய்வழி எந்த ஊர், யார் வீடு என்று கிண்டாமல் விடமாட்டார்கள். பூட்டியின் கதை மெல்பேர்ன்வரை போய், மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள். தங்கச்சி யோசிக்கவேயில்லை. அந்தத் தாய்வழி தனக்கில்லை என்று காட்ட, அக்காவை எடுத்து வளர்த்த பிள்ளையாக்கிவிட்டார்.

2009இல் வன்னிக்குள் அகப்பட்ட தாயைப் பற்றித் தகவல் வருமா என்று, இந்த இருவரும் அன்ரியின் குசினிக்குள் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்ததை நான் கண்ணால் கண்டவள். முகாமில் தாய் இறந்த செய்தி வந்ததும் தங்கச்சி விழுந்து அழுதது அன்ரியின் மடியில். அந்த மடியைத்தான் ஒரு மாப்பிள்ளைக்காக அந்நியமாக்கினார். வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதியாக ஓடி வந்த நாங்கள், இந்தக் குலப்பெருமையை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் வேலையில் அன்ரியிடம் கொதித்தேன். தங்கச்சியின் மாதிரியை மட்டும் எப்படியாவது வாங்கித் தாருங்கள், முடிவைக் காட்டி எல்லோர் வாயையும் அடைத்துவிடுகிறேன் என்றேன். அன்ரி கையுறைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

"காட்டலாம் பிள்ளை. காட்டினால் அவள் என்ர தங்கச்சி எண்டு வரும். அதைத்தானே அவள் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாள்."

கலியாணம் நடந்தது. அன்ரிக்கு அழைப்பு இல்லை. இப்போது பள்ளி விடுமுறை வந்தால், மெல்பேர்னிலிருந்து வரும் மகளின் பெண்பிள்ளையைத் தங்கச்சி கடைக்குக் கூட்டிவருவார். கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பிள்ளையின் உடம்பிலும் அதே தாய்வழிதான். மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு விசாரித்துக் கட்டிய குடும்பத்துக்குள் பூட்டி சுகமாக வந்து குடியிருக்கிறா. அன்ரிக்குத்தான் அங்கே இடமில்லை.