கண்ணாடிபோல் துடைத்த ரத்தக்குழாய்கள்

தில்லி ஆய்வுக்கூடங்களில் வெட்டியும் கழுவியும் துடைத்துமே ஓய்வுபெற்ற சகோதரர்களே, நம் தொழிலில் கைச்சுத்தம் ஒன்றே பட்டம்.

பாராட்டு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் நானே படித்துக்கொண்டது. முயலின் பெருந்தமனியைச் சிறு வளையங்களாக நறுக்கி, உட்புறத்தை ஈரப்பஞ்சால் தேய்த்து, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவேன். வளையம் இறுகினால், அதோடு இணைத்த ஊசி புகையூட்டிய தாளில் கீறும் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். கும்பகோணத்துக்காரரான தலைமை டாக்டர் என் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னார்: "அச்சா! உம்ம கை பட்டா கண்ணாடியாட்டம் ஆயிடறது, ஓய்!"

லீவு நாள்

திருநெல்வேலிப் பெண் மரகதம் எங்களிடம் ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். ஒரு மருந்து உயிருள்ள முயலின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. வெட்டியெடுத்த குழாயையோ இறுக்குகிறது. ஏன் என்பதே அவளுடைய கேள்வி. காய்ச்சலால் நான் இரண்டு நாள் கிட்வாய் நகர் வீட்டிலேயே கிடந்து திரும்பியபோது ஓடிவந்தாள். "அண்ணாச்சி, நானே வெட்டித் தொங்கவிட்டு மருந்த விட்டேன். கோடு கீழ எறங்கிட்டு!"

அவளுடைய வளையத்தைப் பார்த்தேன். உட்புறம் துடைக்கப்படவே இல்லை. நான் வெட்டித் துடைத்த வளையத்தில் கோடு வழக்கம்போல் ஏறியது. எது சரியென்று டாக்டர் என்னிடமே கேட்டார். "என்னுடையதுதான்" என்றேன். அவளுக்கு உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. ரயிலேறும் முன் விடைபெற வந்தவள் சொன்னாள்: "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சஞ்சிகை

சில ஆண்டுகளுக்குப் பின் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றை வைத்துக்கொண்டு டாக்டர் என்னை அழைத்தார். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை வரிசையாய்ப் படிந்திருக்கும் உயிரணுக்கள், ஹார்மோனைப்போல் ஒரு பொருளைச் சுரக்கின்றனவாம். அதுவே குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறதாம். லேசாகத் தேய்த்தாலும் அவ்வணுக்கள் உதிர்ந்துவிடுமாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சொன்னார்: "அழுக்குன்னு தொடச்சுப் போட்டோமே ஓய், அதுதான் அத்தனை வேலையும் பண்ணிண்டிருந்திருக்கு."

பதில்

நடந்ததனைத்தையும் எழுதி, மரகதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். நெடுநாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. குற்றம் சாட்டி ஒரு சொல் இல்லை. என் உடல்நலம் விசாரித்தபின் இவ்வளவே எழுதியிருந்தாள்: "இங்க பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புக்கு எடுக்கேன், அண்ணாச்சி. ரத்தக்குழாய் வெறும் குழாய்னுதான் புஸ்தகத்துல இருக்கு. அப்படியே சொல்லிக் குடுக்கேன்."

இப்போதெல்லாம் வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவும்போதுகூட, உட்புறத்தை அழுத்தித் தேய்க்க எனக்குக் கை வருவதில்லை.