தம்பி சேர்த்து வைத்த நோட்டு மூட்டைகள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. அந்த நான்காவதுதான் தம்பி. இந்த நினைவு மலரின் அட்டையில் வெள்ளைச் சட்டையோடு சிரிக்கிறாரே, அவர்தான். அந்தச் சிரிப்பை யாரும் நம்ப வேண்டாம். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் எங்கள் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினார்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மலரில் ‘அவர்’ என்றுதான் போட வேண்டுமாம். இடுப்பில் சுமந்த பிள்ளையை அவர் இவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அதுதான் மரியாதை என்றால் அப்படியே இருக்கட்டும்.

தம்பி பிறந்தது ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில். அவருக்கு நடை திருந்தும் முன்பே அம்மா போய்விட்டார். எனக்குக் கல்யாணமாகி எருமப்பட்டிக்கு வந்தபோது, சீர்ச் சாமான்களோடு தம்பியையும் வண்டியில் ஏற்றி வந்தேன். “ஏனுங்க, அண்டா குண்டாவோட இதையுமா சீரா குடுத்தாங்க?” என்று கேலி பேசினார்கள். என் வீட்டுக்காரர் மறுநாள் காலையில் தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சோளக்காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அதோடு அந்தக் கேலி நின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தம்பியின் காரியத்தன்று இரங்கல் பேசிய ஒருவர், “சின்ன வயதில் நோட்டு வாங்கக் காசில்லாமல் படிப்பை விட்டவர், அதனால்தான் ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார்” என்று மைக்கில் கண்கலங்கினார். முழுப் பொய். என் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நோட்டு இல்லை என்று எவர் சொன்னது? நோட்டு இருந்தது, பேனா இருந்தது, புதுச் சட்டை இருந்தது. தம்பிக்குத்தான் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடம் போகச் சொன்னால் நாமக்கல் ரோட்டில் நின்று போகிற வருகிற லாரியை எண்ணிக்கொண்டிருப்பார். உண்மை அவ்வளவுதான். கதை கட்ட வேண்டாம்.

அந்த லாரியிலேயே கிளீனராக ஏறி, டிரைவராகி, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். தூக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு முறை பாலத்துச் சுவரில் மோதி, காலில் கம்பி வைத்துக்கொண்டு வந்தார். சம்சாரத்தைச் சீக்கிரமே பறிகொடுத்தார். இரண்டு பெண்களையும் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார். பீடி, குடி எதுவும் கிடையாது. பிடிவாதம் மட்டும் உண்டு. அது எல்லாக் கெட்ட பழக்கத்தையும் சேர்த்து வைத்தாற்போல.

சில வருடங்களுக்கு முன்னால் வடகிழக்கு மலைப் பக்கம் லோடு கொண்டுபோனார். அங்கே இரண்டு சனங்களுக்குள் சண்டை. வீடுகள் எரிந்து, ஆட்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் முகாமாகத் தங்கியிருந்தார்கள். ரோட்டை மறித்துவிட்டதால் தம்பியின் வண்டி ஒரு முகாமுக்கு முன்னால் பல நாள் நின்றது. பள்ளிக்கூடமே முகாமானதால் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. எழுத எதுவும் இல்லாததால், வண்டியின் பக்கப் பலகையில் அடுப்புக் கரியால் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வண்டி அப்படியே ஊர் வந்து சேர்ந்தது. பலகை முழுக்கப் பெருக்கல், வகுத்தல்.

“வண்டியக் கழுவுடா, பாக்கச் சகிக்கல” என்றேன்.

“இருக்கட்டுங்க்கா. பாதிக் கணக்கு தப்பா இருக்குது. சொல்லித் தர ஆளில்ல.”

“உனக்கு மட்டும் சரியான கணக்குத் தெரியுமாக்கும்!”

“அதுக்குத்தானுங்க்கா பள்ளிக்கூடத்து டீச்சரக் கூட்டியாந்து காட்டுனேன்” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று பிடித்தது சனி. நோட்டு, பென்சில், பை, ஜியாமெட்ரி பாக்ஸ் என்று நண்பர்களைத் துரத்த ஆரம்பித்தார். லாரிக்காரர்கள், ரிக் வண்டிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் என யாரையும் விடவில்லை. கல்யாண வீடுகளில் பந்தி நடக்கும்போது எதிரில் போய் நின்றுகொள்வார். கையில் சோறு இருக்கும்போது எவரும் எழுந்து ஓட முடியாதே! “மாப்ள, ரசம் ஊத்தறதுக்குள்ள சொல்லிப்போடு, எத்தன டஜன்?” என்பார். எனக்கு மானம் போகும். தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரோடு போவதையே நிறுத்திவிட்டேன்.

நண்பர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. “நம்மூருப் புள்ளைங்களுக்கே இல்லீங்க, அங்க எதுக்கு?” என்று கேட்டவர்கள் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. சிலர் பாதி எழுதிய நோட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு மகராசன் பத்தாம் வகுப்புத் தமிழ் உரைநூலைக் கட்டுக் கட்டாக இறக்கினார். “அண்ணா, அந்த மலையில எந்தப் புள்ளைங்க தமிழ்ல படிக்குது?” என்று தம்பி கேட்டதற்கு, “படிச்சாத் தெரிஞ்சுக்குவாங்க” என்றாராம்.

எப்படியோ முதல் லோடு சேர்ந்தது. நோட்டெல்லாம் தம்பியின் கூட்டாளி செங்கோடனின் பட்டறையில் இறங்கியது. செங்கோடன் ரிக் வண்டி வைத்துத் தண்ணீருக்கு போர் போடுகிறவர். தம்பி பென்சில் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைக்குப் போயிருந்த நாளில், நானும் நண்பர்கள் வீட்டுப் பெண்களும் பட்டறையில் உட்கார்ந்தோம். புது நோட்டு என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடாமல் நாம் யார் பிள்ளைக்காவது கொடுத்திருக்கிறோமா? மஞ்சளைக் குழைத்து அத்தனை நோட்டுக்கும் வைத்தோம். பென்சிலால் சுழியும் போட்டோம். சொந்தப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்வதுபோலச் செய்தோம்.

தம்பி வந்தார். ஒரு நோட்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க்கா, எல்லாத்துக்குமா வெச்சீங்க?”

“ஒண்ணு உடாம வெச்சோம்.”

“போச்சு! அங்க ரெண்டு பக்கமும் புள்ளைங்க இருக்குதுங்க்கா. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி குடுக்கோணும். நாமக்கல்காரன், ஆரு பக்கத்து ஆளும் இல்லீன்னுதான் ரெண்டு பக்கமும் வண்டிய உடறாங்க. நோட்டுல ஒரு சாமி அடையாளத்தப் பாத்தா, நீ எவன் கட்சின்னு கேட்டு மறிச்சுப்போடுவாங்க.”

“மஞ்சள் என்னடா பாவம் பண்ணுச்சு?”

“மஞ்சள் ஒண்ணும் பண்ணல. மனுசன் பண்ணுவான்.”

பிறகென்ன? பழுப்புத் தாள் சுருளை வாங்கிவந்து, எல்லா நோட்டுக்கும் அட்டை போட்டு மஞ்சளை மறைத்தார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் பண்ணைக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து அட்டை போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! “ஆயிரம் அடிக்கு போர் எறக்கிருவேன், இந்தத் தாளு மடிய மாட்டீங்குதே!” என்று செங்கோடன் கத்தினார். சுழியை அழிக்கப் புது ரப்பரையெல்லாம் பிரித்தார்கள். டிரைவர் பழனியப்பன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பிள்ளையார நான் அழிக்க மாட்டேனுங்க. வளைவுல எதிர்ல டேங்கர் வந்தா ஆரு காப்பாத்துவா?”

“போட்டப்ப வந்தவரு, அழிச்சாப் போயிருவாராய்யா? நம்ம வண்டியில ஏறிக்குவாரு, வா” என்றார் தம்பி. பழனியப்பன் ஒவ்வொரு சுழியையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தார். ரப்பரெல்லாம் கரைந்து, மறுபடியும் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு ஆள் போனது தனிக் கூத்து. நாங்கள் செய்தது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

தம்பியும் பழனியப்பனும் அந்த லோடைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு வந்தார்கள். வந்ததும் பிள்ளைகள் சிரித்தார்களா, என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “பாதிப் பேருக்குக் கிடைக்கல. கொண்டுபோனது பத்தலீங்க்கா” என்றார். மறுநாளே அடுத்த லோடுக்குத் துரத்த ஆரம்பித்துவிட்டார்.

இந்த முறை மூட்டைகளை என் வீட்டு ஆசாரத்தில் இறக்கினார். வருகிறவர்கள் உட்காருகிற முன்கூடம் அது. நான் மஞ்சள் வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதை அவரும் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துச் சரிபார்த்தார்! அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

மூட்டை சேர்ந்துகொண்டிருந்தபோதே தம்பிக்கு நெஞ்சு வலி வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னார். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பேசினார். கடைசியாக என்னிடம் கேட்டது, “அக்கா, ஆசாரத்துல ஓடு ஒழுகுதுங்களா?” அவ்வளவுதான். தன் பெண்களைப் பற்றிக் கேட்கவில்லை, தன்னைப் பற்றியும் கேட்கவில்லை. “ஒழுகல சாமி, படு” என்றேன். படுத்தார்.

சுடுகாட்டுக்கு எடுக்கும்முன் செங்கோடன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, மிச்ச லோடு எங்க பொறுப்பு” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். பின்னால் நின்ற நண்பர்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு வருடம் முடிந்துவிட்டது. மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கேதம் கேட்க வந்தவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். வாக்குக் கொடுத்த ஒருவரே குடித்துமுடித்து, “இதென்னங்க மூட்டை?” என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

போன் போட்டால் ஆளுக்கொரு காரணம். ரிக் வண்டி வடக்கே போயிருக்கிறது. பெண்ணுக்கு நிச்சயம். முட்டை விலை படுத்துவிட்டது. கடைசியில் செங்கோடன், “அக்கா, அங்க சண்டை அடங்கட்டுங்க, அப்புறம் அனுப்பிக்கலாம்” என்றார்.

“சண்டை அடங்குனா அவங்களே நோட்டு வாங்கிக்க மாட்டாங்களா செங்கோடா? அடங்காததுக்குத்தான இது?” என்றேன். போன் ‘கட்’ ஆகிவிட்டது. சிக்னல் இல்லையாம்.

இந்த வருடம் ஆசாரத்து ஓடு ஒழுக ஆரம்பித்துவிட்டது. மகன் மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறான். கீழே கரையான் வராமல் தினமும் நான் குனிந்து பார்க்கிறேன். இந்த இடுப்போடு இன்னொரு மழைக்காலம் என்னால் காவல் இருக்க முடியாது. தம்பிக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை பொய்யாகவும் கூடாது.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் தம்பிக்கு மலச்சட்டி எடுத்த நர்ஸ் பெண்களுக்கு நன்றி. தூக்கிச் சென்ற நால்வருக்கும், காரியத்துக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு மருமகளுக்கும் நன்றி. தார்ப்பாயைத் திருப்பிக் கேட்காத பழனியப்பனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. மற்ற நண்பர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி என்னிடமே இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் திதி நாளில், என் வாசலில் தம்பியின் வண்டி நிற்கும். பழனியப்பன் ஓட்டுகிறார். டீசலுக்குத் தம்பியின் பெண்கள் பொறுப்பு. படத்துக்கு மாலை வேண்டாம், அழுகிறவர்கள் பிறகு அழலாம். வந்தவர்கள் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். ஆசாரம் காலியாகி, அதைக் கூட்டித் தெளித்த பிறகுதான் அங்கே பாய் விரித்து இலை போடுவேன். செங்கோடன் வராவிட்டால் அவர் வருகிறவரை சாப்பாடு கிடையாது. சமையல்காரரிடமும் சொல்லிவிட்டேன். பசி பொறுக்காதவர்கள் இப்போதே அவருக்குப் போன் போடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் சிக்னல் கிடைக்கும்.

கண்ணு, எழுதினதையெல்லாம் மொதல்ல இருந்து ஒருக்காப் படி சாமி. பெரியவங்க கோவிச்சுக்குவாங்கன்னு நீயா எதையாச்சும் உட்டுருக்கறயான்னு நான் கேக்கோணும்.