யானை முதுகில் இருந்த பூனை

எங்கள் வீட்டு மதில், பள்ளிக்கூடம் போகும் வழியில் இருக்கிறது. அருமனை ஜங்ஷனிலிருந்து உள்ளே வரும் அந்த ரோட்டு மதில்களில் படம் வரையக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். எல்லாம் குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் மிருகங்கள். கண்ணாடி போட்ட கரடி, குடை பிடித்த முயல். எங்கள் மதிலுக்கு நிக்கர் போட்ட நீல யானை கிடைத்தது.

அனுமதி கேட்டு வந்த பெண்ணிடம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசியதெல்லாம் என் மனைவிதான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து நான் திரும்பும்போது, கட்டஞ்சாயாவும் மரச்சீனிக்கிழங்கும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏட்டி மக்கா, ஆனைக்கு நிக்கர் போட்டியே, வாலு எது வழியா வரும்?"

"பின்னால ஓட்டை போட்டிருக்கேன் அக்கா, பாருங்க."

"அப்போ சரி. எங்க பூனையையும் இதுல ஏத்துவியா?"

எங்கள் பூனைக்கு ஒரு காது பாதிதான் உண்டு. ஓரிடத்தில் நிற்காது. மனைவி அதை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் பார்த்து வரைந்தாள். யானை முதுகில், பாதிக் காதோடு, ராஜா மாதிரி. மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"உங்களப் போலயே இருக்கு. வாயத் திறக்காது."

அந்தப் பெண் சிரித்தாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். நின்று நானும் சிரித்திருக்கலாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்தப் பூனையைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். "லேய், கையக் கழுவிட்டுத் தொடுங்க!" என்று என் மனைவி வாசலில் நின்று விரட்டுவாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி சேரும் முன் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் போட்டோ போட்டு அறிவிப்பு அச்சடித்து, ஜங்ஷனிலும் வீட்டு மதிலிலும் ஒட்டுவார்கள். அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அவளுடைய தம்பி மைதாப் பசை வாளியோடு வந்து கேட்டான்.

"அத்தான், இங்கன ஒட்டட்டா? ரோட்டுல வாறவங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவன் கை வைத்த இடம் யானையின் முதுகு. அங்கே வேண்டாம், கேட் தூணில் ஒட்டு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது இவன் கார்ட்டூன் பூனைக்குக் கவலைப்படுகிறான் என்று நினைப்பார்களோ என்று கூசியது. தலையை ஆட்டினேன்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, கிழித்துவிடலாம் என்று போனேன். பூனை இருந்த இடத்தில் அவள் முகம் இருந்தது. அதில் எப்படிக் கை வைப்பது? மழையில் தானாக விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழை வந்தது. தாள் ஊறித் தொங்கி விழுந்தபோது பெயிண்டையும் உரித்துக்கொண்டு போனது. இப்போது யானை முதுகில் ஒரு வாலும் பின்னங்கால்களும் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் அந்த வாலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். விரட்ட ஆளில்லை.

மைத்துனன் வரும்போதெல்லாம் சொல்கிறான்: "அந்தப் புள்ளயக் கூப்பிட்டா வந்து வரஞ்சு தரும்லா அத்தான்? அக்கா போன்ல நம்பர் கிடக்கும்."

கிடக்கிறது. அந்தப் போனுக்குத் தவறாமல் சார்ஜ் போடுகிறேன். அந்த நம்பர் வரை போய், அழுத்தாமல் வைத்துவிடுகிறேன். மணியடித்ததும் அந்தப் பெண் போனில் என் மனைவியின் பெயரைப் பார்ப்பாள். எடுத்த எடுப்பில், "சொல்லுங்க அக்கா" என்பாள்.