மொட்டைமாடியில் பேசிய ரகசியம்

எங்கள் வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் வந்தது ரகசியம் காப்பதற்காக. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. வண்ணார்பேட்டையில் பஸ்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கும் பெரிய ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வாழ்நாளில் பாதியைக் கோப்புகளின் மேல் 'ரகசியம்' என்று முத்திரை குத்தியே கழித்தவர். அந்தக் கோப்புகளில் இருந்ததெல்லாம் ஆபீஸ் வாசல் டீக்கடை வரைக்கும் தெரியும். ஆனாலும் அவர் குத்துவதை நிறுத்தியதில்லை.

அந்த வருஷம் வீட்டுக்குள்ளேயே ஒரு ரகசியம் வந்து சேர்ந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா, ஒருநாள் காலை ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அத்தான் இரண்டு வருஷமாக அவளை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். "இனிமே அங்க போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பையைக்கூடத் திறக்காமல் படுத்துவிட்டாள். அப்பா தெருவுக்கு விட்ட அறிக்கை வேறு: மகளுக்கு ரத்தசோகை, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு அடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் ஜாதகம் அப்போது நான்கு வீடுகளில் சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தவள் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தால் இளையவளை எவன் கேட்டு வருவான்? விஷயம் வெளியே கசிவதற்குள் அக்காவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா முடிவுகட்டினார். அதற்காகத் தினமும் சம்பந்தியோடு போனில் பேச வேண்டியிருந்தது. போனோ முன்னறையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை இரும்புக்கடைக்காரர் மனைவி. சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அவளுக்கு எங்கள் வீட்டில் ரேடியோ என்று பெயர்.

ஆகவே, வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு அப்பா போனார். கடைக்காரர் திசையன்விளைப் பக்கத்து ஆள். "அண்ணாச்சி, இதுக்கு அடியில மூணு சக்கரம் இருக்கு பாருங்க. நீங்களா ஒரு மூணு இலக்க நம்பரத் திருப்பி வச்சிட்டா, உங்க லைனுக்குள்ள ஒரு பய நுழைய முடியாது" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்!

போனைப் பொருத்தியது ஒரு திங்கட்கிழமை, நல்ல நேரம் பார்த்து. பெட்டிக்குத் திருநீறு பூசினார். எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டுப்போடப் போனவர் போல அரைமணி நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து, "அந்த நம்பர் என்னோடயே சுடுகாட்டுக்கு வரும்" என்றார்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "நூத்தெட்டா?" என்றாள்.

அன்று மத்தியானம் வரை அப்பா அவளிடம் பேசவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதே கடைக்காரர் அதே போனை எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு விற்றிருந்தார். ஒன்று இரும்புக்கடை வீடு, இன்னொன்று எதிர்த்த ஜவுளிக்கடை வீடு. அங்கேயும் நெற்றி நிறையத் திருநீறு பூசிய குடும்பத் தலைவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, யாருக்கும் தெரியாத நூற்றெட்டைத்தான் திருப்பி வைத்திருந்தார்கள். நம்பர் ஒன்றாக இருந்தால் ஒரு வீட்டு லைன் மற்ற வீட்டுப் போனிலும் கேட்கும். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை மொட்டைமாடிக்கு மாறியது. தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி நடந்தபடி, "சம்பந்தி, கேக்குதா?" என்று அப்பா கத்துவார். குரலைத் தாழ்த்துவது அவர் வேலையில்லை, நம்பர் பார்த்துக்கொள்ளும். நடுநடுவே யாரோ பெருமூச்சு விடுவது கேட்கும். ஒருநாள் குக்கர் விசில் கேட்டது. மணி அடித்து நாங்கள் எடுப்பதற்குள் யாரோ ஹலோ சொல்வார்கள். அப்பா மூன்று பக்கத்துக்குப் புகார் மனு எழுதினார். வந்த லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கி, "லைன் சுத்தமா இருக்கு சார். நீங்க கொஞ்சம் பைய பேசுனா நல்லது" என்றார். அதற்கு முன்னால், அவர் கம்பத்திலிருந்து இறங்கியதும் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டு மோர் கொடுத்ததை நான் பார்த்தேன்.

இன்னொன்றும் நடந்தது. பக்கத்து வீட்டு அத்தை அக்காவின் ரத்தசோகையைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டாள். அவியல் வைத்தால் ஒரு கிண்ணம் வரும், தேங்காய்ப்பால் சொதி வைத்தால் ஒரு கிண்ணம் வரும். கொடுத்துவிட்டு அக்காவின் தலையை ஒருதரம் தடவிவிட்டுப் போய்விடுவாள். அப்பா எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சொல்வார். "பாத்தியளா? ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியல."

நான்கு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போலத் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம நானே கொண்டாந்து விட்டுருதேன் சம்பந்தி. அவ மாட்டேம்பா, அழுவா. நீங்க அதக் கண்டுக்கிடாதிய."

போனுக்குள் கரகரவென்று சத்தம். பிறகு ஒரு பெண் குரல், இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, பிள்ளையக் கொண்டு விடாதிய. அவன் அடிச்சுக் கொன்னுருவான்."

அப்பா நின்றுவிட்டார். "யாரு? யாரு பேசுதது?"

"பக்கத்து வீட்டுலருந்துதான் பேசுதேன். நாலு மாசமா எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கேன். தப்புதான், மன்னிச்சிக்கிடுங்க. ஆனா அவள அனுப்பாதிய."

ஒரு இருமல் கேட்டது. எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர். "மதினி சொல்லுதது சரிதான் அண்ணாச்சி."

"இது என்ன வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று விக்கிரமசிங்கபுரத்துச் சம்பந்தி போனை வைத்தார்.

அப்பா கைப்பிடிச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். கீழே பக்கத்து வீட்டுக் கொல்லையில், எங்கள் போனைப் போலவே ஒரு கறுப்புப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அத்தை நின்றாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அப்பாதான் திருப்பிக்கொண்டார்.

கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவுக்குத் தெரிந்தால் குடும்பம் முடிந்தது என்று நான்கு மாதம் பயந்தவர். தெருவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சொதிதான் வந்தது. அக்காவைக் கூப்பிட்டு, "நீ எங்கயும் போவ வேண்டாம்" என்றார். அவள் அன்றைக்குத்தான் பையைத் திறந்து சேலைகளை எடுத்து பீரோவில் அடுக்கினாள்.

அப்பாவை இவ்வளவு கேலி செய்துவிட்டேன். என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னது எங்கள் வீட்டில் முதலில் என் காதில்தான் விழுந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் அக்கா போய்விடுவாள், நல்லதுதான் என்று நினைத்தபடி ஒரு ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் மடித்த துணிகளை உள்ளே கொண்டுபோனேன். அக்கா தன் சேலையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம கொண்டு விடுதேன்னு அப்பா பேசும்போது நீ அங்கனதான நின்ன?"

"ஆமா" என்றேன்.