மாசிலாமணி சார் கையில் இருந்த பெட்டி

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். மாசிலாமணி சார் இறந்த செய்தி சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நம் எக்ஸ்ரே டெக்னீஷியன் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாலை போட்ட படம், அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவர், "எந்த மாசிலாமணி? அந்த ஷூ பாக்ஸ் மாசிலாமணியா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் "ஆமா, அவரேதான்" என்று பதில் போட்டு, பக்கத்தில் தானும் ஒரு கும்பிட்ட கையை வைத்திருந்தார். ஒரு மனிதர் முப்பது வருடம் நம் இயந்திரங்களைப் பழுது பார்த்திருக்கிறார். செத்த அன்று அவரை அடையாளம் காட்ட உங்களுக்கு அந்தப் பட்டப்பெயர்தான் கிடைத்தது.

அது எப்படி வந்தது என்று உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சார் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகக் கருவி செய்தவருக்கு நம் சங்கம் வருடா வருடம் ஒரு விருது கொடுக்கிறது அல்லவா, கொடுப்பதற்கு முன் அதை உண்மையில் யார் செய்தார்கள் என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள். சம்பளம் இல்லாத வேலை. கெட்ட பெயர் மட்டும் நிச்சயம் கிடைக்கும்.

எப்படிப் பார்ப்பார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கணியம்பாடிப் பக்கம் ஒருவர் ஈர ஃபிலிமைப் பத்து நிமிடத்தில் உலர்த்தும் பெட்டி ஒன்றைச் செய்ததாக விண்ணப்பித்திருந்தார். சார் போனார். ஒரு ஃபிலிமைக் கழுவி உள்ளே மாட்டினார், எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி ஆனது. "காஞ்சிடும் சார்" என்றார் அவர். "காயட்டும், எனக்கு இன்னா அவசரம்" என்றார் சார். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அந்த மனிதர் தாமாகவே விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இதைச் சொல்லி அன்று நானும் சிரித்தேன். என் முறை வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

என் கருவி உங்களில் சிலருக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுக்கும்போது பிடித்து நிறுத்துகிற தோல் சட்டை. குழந்தையின் கைகள் மேலே தூக்கி நிற்கும், உடம்பு ஆடாது. தாயோ நாமோ கூட நின்று கதிர்வீச்சை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

அது தொடங்கிய கதை இது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் புது மாதிரிகளைச் செய்து பார்க்கும் சாம்பிள் ரூமில் தைக்கிற கஸ்தூரி என்ற பெண், எட்டு மாதக் குழந்தையைச் சளியோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். இரண்டு படம் ஆடிப்போனது. "ஆடாம புடிம்மா" என்று அதட்டினேன்.

"நான் ஆடல சார், புள்ளதான் ஆடுது. நீங்க வந்து புடிச்சுப் பாருங்க" என்றார்.

மூன்றாவது படம் எடுத்து முடித்ததும் கேட்டார்: "ஒரு ஷூவுக்கே உள்ள கட்டை வெச்சு நிறுத்தித்தான் சார் வேல செய்றோம். புள்ளைக்கு ஒண்ணும் கெடையாதா?"

இந்தக் கேள்வியை என் விண்ணப்பத்தில் நான் எழுதவில்லை.

சட்டையை மாட்டி நிறுத்துகிற மரச்சட்டத்தை நான் வரைந்தேன். தச்சரிடம் உட்கார்ந்து செய்து வாங்கியதும் நான்தான். அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சட்டையைக் கஸ்தூரி கழிவுத் தோலில் தைத்துக் கொடுத்தார். அப்போதிருந்த சூப்பர்வைசர் நல்லவர், சட்டையை வெளியே கொண்டுவர ஒவ்வொரு முறையும் கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். முதல் சட்டையை மாட்டி எடுத்த படத்தில் நெஞ்சு முழுவதும் மங்கலாக ஒரு நிழல். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் படத்தில் விழுகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. பிறகு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு மாறினோம், நிழல் போனது. ஏழாவது சட்டை சரியாக வந்தது. எந்தத் தோல் என்று கண்டுபிடித்ததும் நானே என்று விண்ணப்பத்தில் எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். இருபது வருடம் நான் எடுத்த படங்களை வைத்து டாக்டர்கள் கட்டுரை எழுதினார்கள். நன்றி சொல்கிற கடைசி வரியில்கூட என் பெயர் வந்ததில்லை. ஒரே ஒரு முறை ஏதாவது ஒன்றில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சார் பள்ளிகொண்டாவில் பேருந்து மாறி வந்தார். கையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். டீ வாங்கி வரச் சொன்னேன். "எழுதி முடிக்கிற வரைக்கும் டீ வேணாம் தம்பி" என்றார். சட்டையை மாட்டிக் காட்டினேன். ஒரு பொம்மையை வைத்துத் தானே கட்டிப் பார்த்தார், தையலை விரலால் தடவினார். எல்லாம் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம் கேட்டார்: "மொதல்ல செஞ்சு தோத்தது எங்க?"

"அதெல்லாம் யார் சார் வெச்சிருப்பாங்க?"

"ஜெயிச்சத எவனும் காட்டுவான் தம்பி. செஞ்சவன்கிட்டதான் தோத்தது இருக்கும்."

தைத்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்பினார். திரும்பி வர நாலு நாற்பது வண்டியைப் பிடியுங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

சாம்பிள் ரூமின் பழக்கம் எனக்குத் தெரியாமல் போனதுதான் என் பிழை. கஸ்தூரி அனுப்பிய ஒவ்வொரு சட்டையிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் குத்தியிருந்த குண்டூசி படத்தில் விழும் என்று நான் அதைப் படிக்காமலே கத்தரித்துப் போட்டுவிடுவேன். அங்கே ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு அட்டை எழுதுவார்களாம். ஒன்று மாதிரியோடு போகும், மற்றது அறையிலேயே இருக்கும். திருப்பி அனுப்பிய மாதிரியையும் வீசமாட்டார்கள். என்ன குறை, அடுத்து என்ன மாற்றம் என்று எழுதி, பெட்டியில் போட்டு வைப்பார்கள்.

மாலையில் சார் ஒரு ஷூ பெட்டியோடு வந்தார். என் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே அந்த முதல் சட்டை, கூட ஏழு அட்டைகள். முதல் அட்டையில் கஸ்தூரியின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "நெஞ்சில் நிழல். கழுத்தில் மட்டும் தனியாக வைத்த லைனிங் தோலில் நிழல் இல்லை. அது பட்டைத் தோல். அடுத்தது முழுக்கப் பட்டைத் தோல்."

அப்போது நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்துப் பக்கம் விரலை வைத்து கஸ்தூரி ஏதோ சொன்னார். நான் அதைக் கேட்டு, மறந்து, பிறகு எனக்கே தோன்றியதாக நினைத்துக்கொண்டேன். மறந்தேன் என்பது எவ்வளவு உண்மை என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒம் பேர எடுக்கச் சொல்லல தம்பி. பக்கத்துல இன்னொரு பேரு எழுத எடம் கீது. நீயே மாத்தி எழுதிக் குடு. பத்து நாள் நான் காத்திருக்கேன்" என்றார் சார்.

"அவங்க தச்சாங்க சார். தைக்கிறவங்க பேரெல்லாம் போட்டா ஒரு ஷூவுக்கு எத்தினி பேரு போடணும்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒன்னப் பத்தி டாக்டருங்க இதத்தான சொன்னாங்க? அவன் பட்டன அமுக்கினான், அவ்ளோதான்னு."

அந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கவில்லை. சரியாகச் சொன்னதால் மன்னிக்கவில்லை.

பத்து நாள் முடிவதற்குள் சங்கத்துக்கு ஒரு கடிதம் போனது. விசாரிக்கப் போனவர் நாலு நாற்பது வண்டியில் ஏறும்போது கையில் தொழிற்சாலையின் ஷூ பெட்டி இருந்தது, பலர் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தது. லஞ்சமாக ஷூ வாங்கினார் என்று எழுதவில்லை. எழுத அவசியம் இல்லை, அதைப் படிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது மொட்டைக் கடிதம். எழுதியது நான்.

நிர்வாகிகள் அவரை அழைத்துப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். "பெட்டி இருந்தது. உள்ள இருந்தத இங்க சொல்ல முடியாது" என்றாராம். அதோடு பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருடைய அறிக்கை எழுதப்படவே இல்லை. அந்த வருட விருது ஒரு டாக்டருக்குப் போனது. நானும் கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டினேன். ஏன் அவர் சொல்லவில்லை என்று புரியாவிட்டாலும், சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சென்ற ஆண்டு இருமலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நெஞ்சுப் படம் நான்தான் எடுத்தேன். "மூச்சை இழுத்துப் புடிங்க சார்" என்றேன். நன்றாக இழுக்க முடியவில்லை. வலது பக்கம் இருந்ததைத் திரையில் பார்த்தேன். டாக்டர் சொல்வார் என்று மட்டும் சொன்னேன். சட்டையைப் போட்டுக்கொண்டே, "அந்த நாலு நாப்பது வண்டி இன்னும் ஓடுதா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டியிருந்தார்கள். அவர் எந்த வண்டியில் வருவார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "நிறுத்திட்டாங்க சார்" என்றேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது, நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்குக் கஸ்தூரி வந்திருந்தார். பக்கத்தில் வளர்ந்த பெண். மூன்று முறை படம் எடுத்தோமே, அதே குழந்தை. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் என்னைப் பார்த்ததும் அழுதார்.

"என்னாலதான் சார் ஐயா பேரு கெட்டுச்சு. அப்ப பழைய சூப்பர்வைசர் போய்ட்டாரு, புதுசா வந்த ஆளு கேட் பாஸ் தரமாட்டாரு. அந்தப் பெட்டிய லஞ்ச் பையில வெச்சு வெளிய எடுத்தாந்து குடுத்தேன். மறுநாள் காலைல கேட்டாண்ட நின்னு திருப்பிக் குடுத்தாரு. 'யார் கேட்டாலும் வாய தொறக்காதம்மா, வேல போய்டும்'னு சொன்னாரு. எந்தப் படுபாவி எழுதினானோ."

ஒரு மனிதர் தன் பேரைக் கொடுத்து இன்னொருவரின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். இத்தனை வருடமும் அந்தப் பெண் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நான்தான் எழுதினேன், கஸ்தூரி" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அவர் பெண் "இன்னாம்மா?" என்று கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது. எங்க எழுதிப் போட்டீங்களோ அங்க எழுதுங்க" என்றார். அந்தத் தொழிற்சாலையை விட்டு அவர் வந்து சில வருடங்கள் ஆகின்றன. தன் பெயரை எழுதலாம் என்றும் சொன்னார்.

ஆகவே எழுதுகிறேன். பெட்டிக்குள் ஷூ இல்லை. தோற்றுப்போன ஒரு தோல் சட்டையும் ஏழு அட்டைகளும் இருந்தன. குழந்தையை நிறுத்தும் அந்தக் கருவியைச் செய்தது இரண்டு பேர். இதைச் சங்கத்தின் பதிவில் ஏற்றுங்கள். மாசிலாமணி சாரின் படத்தை அலுவலகத்தில் மாட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். முதலில் இதைச் செய்யுங்கள், அப்புறம் ஆணி அடிக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு பழக்கம்தான். கெட்டுப்போன படங்களை இப்போதெல்லாம் சத்தமில்லாமல் அழித்துவிடுவதில்லை. ஏன் கெட்டது, யார் தவறு என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். பெரும்பாலும் என் பெயர்தான் வருகிறது.

இந்தக் கட்டுரையின் கீழே இரண்டு முறை கையெழுத்துப் போட்டு இரண்டு முறை அடித்துவிட்டேன். பயம் என்பீர்கள். பாதி அதுதான். என் கருவியைத் தெரிந்தவர்களுக்கு நான் யார் என்பதும் தெரியும், ஆகவே முழுவதும் பயம் என்றும் சொல்ல முடியாது. மீதிப் பாதி இது: பெயர் போட்டால் உங்களில் யாராவது பெருந்தன்மை என்று சொல்வீர்கள். அதை நான் எதிர்பார்க்கவும் ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் பெயரில்லாமலே தபாலில் போடுகிறேன். பெயரில்லாமல் வந்ததை நம்ப முடியாது என்று தோன்றினால், விரிஞ்சிபுரத்தில் கஸ்தூரி இருக்கிறார். சாம்பிள் ரூமைக் கலைத்தபோது ஏழு அட்டைகளையும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். போய்ப் பாருங்கள்.